வடக்கு டகோட்டா கிராமத்தில் ஊழியம்: முதல் குளிர்காலத்துக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

நம் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், சென்னை, கோயம்புத்தூர் கிளைகளிலிருந்து ஊழியத்துக்குப் போகிற பலரும் இந்தியாவுக்குள்ளேயேதான் போகிறார்கள். அழைப்புக் கடிதத்தில் அமெரிக்காவின் வடக்குச் சமவெளி என்று வந்துவிட்டால், விவரம் கேட்கப் பக்கத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம். எனக்கும் கிடைக்கவில்லை. வடக்கு டகோட்டாவின் சிற்றூர்களில் ஒவ்வொன்றையும் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். அடுத்துப் போகிறவர்கள் அவ்வளவு சிரமப்பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மினசோட்டாவுக்கோ கனடாவின் மானிடோபாவுக்கோ அழைப்பு வந்தவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பரவாயில்லை, தாங்கிக்குவேன்" என்று சொல்லும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். கால்விரல் மரத்துப்போகிறது என்றால் அந்த நிமிடமே கம்பேனியனிடம், அதாவது உங்களோடு ஜோடியாக ஊழியம் செய்பவரிடம், சொல்ல வேண்டும். குளிரைப் பொறுத்துக்கொள்வதை யாரும் விசுவாசமாக எண்ணுவதில்லை. கர்த்தர் உங்களை அனுப்புவது அங்கே உள்ளவர்களைப் பார்க்க. அதற்குக் கைகால் நன்றாக இருக்க வேண்டும்.

1. அழைப்பு வந்த வாரமே காகித வேலையைத் தொடங்குங்கள்

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பெயரைப் பாருங்கள். நம் ஆட்களுக்குப் பெரிய சிக்கலே இதுதான். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகப் போய்விடும். முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. அப்புறம் அந்த ஊர் ஓட்டுநர் உரிமம், மருத்துவமனைப் பதிவு என்று எல்லாவற்றிலும் அதே பெயர் ஒட்டிக்கொள்ளும். இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டு, பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்கிவிடுவதுதான் நல்லது. பரிந்துரைப் படிவத்தை நிரப்புவதற்கு முன்பே இதைச் செய்தால் இன்னும் நிம்மதி. ஊழியப் படிவம், தடுப்பூசிச் சான்று, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கட்டும்.

அடுத்தது செல்லுபடியாகும் காலம். ஊழியக் காலம் எல்டர்களுக்கு (ஆண் ஊழியர்களுக்கு) 24 மாதம், சகோதரிகளுக்கு 18 மாதம். அந்தக் காலம் முழுவதும் போக, மேற்கொண்டு ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும். சிறுவயதில் எடுத்த பாஸ்போர்ட் 18 வயதோடு முடிந்துவிடக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாவுக்கு எந்த வகையில் விண்ணப்பிப்பது, என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதைச் சபையின் பயணத் துறை சொல்லும். நீங்களாக ஏஜென்டைப் பிடித்துப் பணம் கட்டாதீர்கள். விசா தாமதமானால் தற்காலிகமாக வேறு மிஷனில் (ஊழியப் பகுதியில்) ஊழியம் தொடங்கச் சொல்வார்கள். கலங்க வேண்டாம், அது வழக்கமாக நடப்பதுதான். அமெரிக்காவில் இறங்கியதும் ஐ-94 என்ற வருகைப் பதிவை இணையத்தில் இறக்கிச் சேமித்து வையுங்கள். உரிமம் எடுக்கப் போனால் அதைக் கேட்பார்கள். எல்லாத் தாள்களின் நகலும் அப்பா அம்மாவிடம் ஒரு பிரதி இருக்கட்டும்.

பல் வேலை ஏதாவது பாக்கி இருந்தால் ஊரிலேயே முடித்துவிடுங்கள். டகோட்டா கிராமத்திலிருந்து பல் மருத்துவரிடம் போய்வர ஒரு நாளே போய்விடும், பனிக்காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள்.

கார் ஓட்டும் உரிமத்துக்கு நாளைக் கணக்குப் போட வேண்டும். பழகுநர் உரிமம் வாங்கி 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டும் தேர்வு. அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். பாஸ்போர்ட்டும் உரிமமும் வேண்டும். நீங்கள் ஓட்டலாமா, எப்போது அந்த மாநிலத்தின் உரிமம் எடுக்க வேண்டும் என்பதை மிஷன் அலுவலகம் தீர்மானிக்கும். ஆனாலும் உரிமம் இல்லாமல் போகாதீர்கள். கிராமப் பகுதியில் ஒருவர் மட்டுமே ஓட்டத் தெரிந்தவராக இருந்தால், அவருக்குக் காய்ச்சல் வந்தால்கூட இருவரும் வீட்டோடுதான் இருக்க வேண்டும்.

2. செலவுக் கணக்கு

மாதாமாதம் கட்டும் ஊழியத் தொகை உங்கள் சொந்த நாட்டைப் பொறுத்தது, அனுப்பப்படும் இடத்தைப் பொறுத்தது அல்ல. உங்கள் பிஷப்பிடமோ கிளைத் தலைவரிடமோ கேட்டால் சொல்வார். வீட்டு வாடகை, பெட்ரோல் எல்லாம் மிஷன் பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் மாதம் ஒரு தொகை கார்டில் ஏறும். உடுப்பு மட்டும் உங்கள் சொந்தச் செலவு. குளிர்காலத் துணி வாங்கக் குடும்பத்தில் 400 முதல் 500 டாலர் வரை தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். வசதி இல்லையென்றால் அதைக் கிளைத் தலைவரிடம் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். அவரால் செய்யக்கூடிய உதவி உண்டு. நாம் வாய் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

3. துணி: இங்கே வாங்குவது எது, அங்கே வாங்குவது எது

இங்கிருந்து வெள்ளைச் சட்டைகள், பேன்ட், சூட் மட்டும் எடுத்துப் போங்கள். பெட்டிக்கு 23 கிலோ கணக்கில், அதற்கே எடை சரியாகிவிடும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் விற்கிற ஜாக்கெட்டை இங்கே காசு கொடுத்து வாங்காதீர்கள். ஜனவரி இரவில் வடக்கு டகோட்டாவில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் சாதாரணம், மைனஸ் 30 அபூர்வம் இல்லை. பார்ஷல் என்ற ஊரில் 1936 பிப்ரவரியில் மைனஸ் 51 வரை இறங்கியிருக்கிறது. நம்மூர் ஜாக்கெட் அக்டோபரோடு சரி.

பருத்தி பனியன், பருத்தி உள்ளுடுப்பு கட்டுக்கட்டாக எடுத்துப் போவதும் வேண்டாம். பனி வாரும்போது வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும், ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்போடு ஒட்டிய முதல் அடுக்கு மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மலாக இருக்க வேண்டும். அதன் மேல் சட்டை, ஸ்வெட்டர், சூட் கோட், எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத நீளமான கோட்.

அங்கே போய் நான் பார்த்த விலைகள் ஏறத்தாழ இப்படி இருந்தன. நல்ல கோட் புதிது 150 முதல் 250 டாலர். பூட்ஸ் 100 முதல் 150. தெர்மல் ஒரு செட் 25 முதல் 40. கம்பளிக் காலுறை ஜோடி 10 முதல் 20. விரல் பிரியாத தடித்த மிட்டன் 30 முதல் 50. ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறையைவிட மிட்டன் எவ்வளவோ மேல், விரல்கள் ஒன்றையொன்று சூடாக வைத்துக்கொள்ளும். கோட் வாங்கும்போது உள்ளே சூட் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும். பூட்ஸ் உங்கள் அளவைவிட ஒரு சுற்று பெரிதாக இருக்கட்டும். தடித்த காலுறையோடு கால் இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து சீக்கிரம் மரத்துவிடும்.

ஆனால் கடைக்குப் போகும் முன் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, நீங்கள் தங்கும் வீட்டின் அலமாரி. முன்பு இருந்த எல்டர்கள் விட்டுப்போன கோட்டும் பூட்ஸும் பெரும்பாலும் அங்கே இருக்கும். இரண்டாவது, பழைய துணிக் கடை. அங்கே 20, 30 டாலருக்கு நல்ல கோட் கிடைத்துவிடும். கிளையில் உள்ள அம்மாக்களிடம் ஒரு வார்த்தை சொன்னாலும் போதும், பிள்ளைகள் வளர்ந்து சிறிதாகிப்போன கோட் யார் வீட்டிலாவது தொங்கிக்கொண்டிருக்கும்.

எப்போது வாங்குவது? செப்டம்பர் கடைசிக்குள். அக்டோபரிலேயே முதல் பனி விழுந்துவிடும்.

சகோதரிகளுக்கு: 2018 கடைசியிலிருந்து பேன்ட் அணிய அனுமதி இருக்கிறது, குளிரில் அதையே தேர்ந்தெடுங்கள். பாவாடை போட வேண்டிய நாளில் மேலே பனிப் பேன்ட் மாட்டிக்கொண்டு போய், வாசலில் கழற்றிவிடலாம். பெரிய உலோகத் தோடு வேண்டாம், குளிர் அதன் வழியே காதைக் கடிக்கும்.

பெயர்ப்பட்டை கோட்டுக்கு வெளியே தெரிய வேண்டும். முகம் மூடி நிற்கிற இரண்டு பேரை இருட்டில் யாரென்று அடையாளம் காட்டுவது அதுதான். கோட்டுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. காலையில் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

அங்கே வெப்பநிலை எல்லாம் ஃபாரன்ஹீட்டில். "இன்று பூஜ்யம்" என்று யாராவது சொன்னால் அது நம் கணக்கில் மைனஸ் 18. மைனஸ் 40-இல்தான் இரண்டு கணக்கும் ஒன்று சேரும்.

இரண்டாவது எண் 'விண்ட் சில்'. காற்றோடு சேர்த்து உடம்புக்குத் தெரியும் குளிர். மரமில்லாத சமவெளி, காற்றுக்குத் தடையே கிடையாது. நடந்து போவதா காரில் போவதா என்று முடிவு செய்ய இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். விண்ட் சில் மைனஸ் 28 செல்சியஸைத் தாண்டினால் திறந்த தோல் அரைமணி நேரத்துக்குள் உறையத் தொடங்கலாம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் ஐந்து, பத்து நிமிடம் போதும்.

மூக்கு நுனி, காது, கன்னம், விரல் நுனி, இவைதான் முதலில் போகும். தன் மூக்கை யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருங்கள். நம் மாநிறத் தோலில் அவர்கள் சொல்கிற வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரியாது. வெளிறி, மெழுகு பூசியதுபோல இருக்கிறதா, தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். உணர்ச்சி இல்லையென்றால் உடனே உள்ளே போங்கள். தேய்க்கக் கூடாது. அடுப்பிலோ ஹீட்டரிலோ காட்டவும் கூடாது, மரத்த தோல் சுடுவது உங்களுக்கே தெரியாது. வெதுவெதுப்பான நீரில் வைத்து, மிஷன் நர்ஸை அழையுங்கள். உணர்ச்சி திரும்பவில்லை, கொப்புளம் வருகிறது என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

5. கார்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

காரின் முன்பக்கத்திலிருந்து ஒரு மின்கம்பி பிளக் தொங்கும். எஞ்சினைச் சூடாக வைக்கும் ஹீட்டருக்கானது. இரவு மைனஸ் 18-க்குக் கீழே போகும் என்றால் அதை மின்சாரத்தில் சொருகிவிட்டுத் தூங்குங்கள். காலையில் மறக்காமல் பிடுங்கிவிட்டு வண்டியை எடுங்கள்.

பெட்ரோல் டாங்க் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. கண்ணாடி கழுவும் நீர் குளிருக்கென்று விற்பதாக இருக்க வேண்டும்; கோடைக்கால நீர் கண்ணாடியில் பட்டதும் உறைந்து பாதையை மறைத்துவிடும்.

டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை: இரண்டு கம்பளி, மண்வாரி, ஒரு பை மணல், பேட்டரி இணைப்புக் கம்பி, டார்ச், உலர்ந்த தின்பண்டம், தண்ணீர், ஒரு தகர டப்பாவில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும், கார் ஆன்டெனாவில் கட்ட ஒரு சிவப்புத் துணி. தண்ணீரை மட்டும் இரவில் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் கட்டியாகத்தான் இருக்கும்.

கிளம்பும் முன் 511 எண்ணிலோ மாநிலச் சாலைத் துறையின் செயலியிலோ சாலை நிலவரம் பாருங்கள். 'பயணம் உகந்ததல்ல' என்று போட்டிருந்தால் போகாதீர்கள். பாடத்தை வீடியோ அழைப்பில் நடத்தலாம். மூடிய சாலையில் போனால் அபராதம் உண்டு. அதைவிட, உங்களைத் தேடி இன்னொருவர் உயிரைப் பணயம் வைத்து வர வேண்டியிருக்கும்.

வானம் தெளிவாக இருந்தாலும் நம்பாதீர்கள். ஏற்கெனவே விழுந்து கிடக்கும் பனியைக் காற்று வயலிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து சாலையை மறைத்துவிடும். மேலே நீல வானம் இருக்கும், கண்ணெதிரே ஒன்றும் தெரியாது.

அடுத்த பொறி, போனின் வரைபடம். வடக்கு டகோட்டாவில் மைலுக்கு ஒரு சாலை சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டிருக்கும். அதில் பல சாலைகளில் பனி வாரவே மாட்டார்கள். வரைபடத்துக்கு அது தெரியாது, குறுக்கு வழி என்று காட்டிவிடும். 'குறைந்த பராமரிப்பு' என்ற பலகை கண்ணில் பட்டால் திரும்பிவிடுங்கள். புதிய வீட்டுக்குப் போகும் முன் போன் போட்டு, "எந்தப் பக்கமிருந்து வருவது?" என்று அந்த வீட்டாரையே கேளுங்கள்.

பனியில் சிக்கிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். அரை மைல் தூரத்தில் விளக்கு தெரிந்தாலும் வேண்டாம். 911-க்குச் சொல்லுங்கள், மிஷனுக்கும் சொல்லுங்கள். புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை முதலில் அகற்றுங்கள், இல்லாவிட்டால் நச்சுப் புகை உள்ளே வரும். பிறகு மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டி, காற்று அடிக்காத பக்க ஜன்னலைச் சிறிது இறக்கி வையுங்கள்.

போனைச் சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று செத்துவிடும். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஓட்டாதவர் இறங்கி நின்று வழி காட்ட வேண்டும் என்பது மிஷன் விதி. மைனஸ் முப்பதிலும் அதே விதிதான், எனவே காருக்குள்ளும் கோட்டைக் கழற்றிப் பின்சீட்டில் எறியாதீர்கள்.

6. தங்கும் வீடு

கடுங்குளிர் இரவில் குழாயைச் சொட்டுச் சொட்டாக விட்டு வையுங்கள். சிங்க்குக்குக் கீழுள்ள கதவைத் திறந்து வைத்தால் அறைச் சூடு குழாய்க்குப் போகும். சிக்கனம் என்று ஹீட்டரை அணைத்துவிட்டு வெளியே போகக் கூடாது. குழாய் வெடித்தால் வீடே நாசமாகும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று போன முதல் நாளே அழுத்திப் பாருங்கள்.

ஹீட்டர் காற்று உடம்பைக் காய வைத்துவிடும். மூக்கில் ரத்தம், உதட்டில் வெடிப்பு, கணுக்காலில் அரிப்பு எல்லாம் வரும். படுக்கும் முன் மூக்கிலும் உதட்டிலும் வாஸ்லைன் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் கல்லாக இறுகிக் கிடக்கும், வாயகன்ற டப்பாவில் எடுத்துப் போனால் கரண்டியால் சுரண்டியாவது எடுக்கலாம்.

7. சாப்பாடு

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் போன முதல் ஞாயிறே கிளையில் சொல்லிவிடுங்கள். அங்கே அங்கத்தினர்கள் முறை வைத்து இரவுச் சாப்பாட்டுக்கு அழைப்பார்கள். 'ஹாட்டிஷ்' என்று ஒரே தட்டில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சுட்ட உணவு வரும், அதில் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். தட்டில் வைத்த பிறகு சொன்னால் அவர்கள் மனம் வருந்தும். உருளைக்கிழங்கும் மாவு உருண்டையும் போட்ட நெஃப்லா சூப் நம் நாக்குக்கும் பிடிக்கும், மிளகைக் கொஞ்சம் கூடத் தூவிக்கொள்ளுங்கள்.

விவசாயி வீட்டுக்குள் நுழைந்ததும் காபி நீட்டுவார். வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "காபி குடிப்பதில்லை, வெந்நீர் இருந்தால் ரொம்ப உதவி" என்று கேளுங்கள். விருந்தாளிக்குக் கையில் சூடாக ஏதாவது கொடுத்தால்தான் அவருக்குத் திருப்தி.

துவரம் பருப்புக்கு அலைய வேண்டாம். வடக்கு டகோட்டா பட்டாணியும் மைசூர்ப் பருப்பும் விளையும் மாநிலம். உடைத்த மஞ்சள் பட்டாணி மலிவாகக் கிடைக்கும், சாம்பாருக்குக் குறையில்லாமல் ஒத்துவரும். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பெருங்காயம் மட்டும் ஊரிலிருந்து கொண்டு போங்கள். பாக்கெட் பிரிக்காததாக இருக்கட்டும், விமான நிலையச் சுங்கத்தில் உணவுப் பொருள் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

8. பண்ணை வீட்டு வாசலில்

டிசம்பர் கடைசியில் காலை எட்டரை ஒட்டித்தான் வெளிச்சம் வரும், மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். தூரத்து வீடுகளைப் பகலிலேயே முடித்துக்கொண்டு, மாலையை ஊருக்குள் உள்ள வீடுகளுக்கும் போன், இணைய வேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முற்றத்தில் காரை நிறுத்தியதும் இறங்காதீர்கள். நாய் இருக்கும். ஒருமுறை ஹார்ன் அடித்துக் காத்திருங்கள். பிறகு முன்கதவுக்குப் போகாமல், மனிதக் கால்தடம் எந்தக் கதவுக்குப் போகிறதோ அங்கே போய்த் தட்டுங்கள். பெரும்பாலும் பக்கவாட்டுக் கதவுதான். முன்கதவு வசந்தம் வரை பனிக்குள்தான் கிடக்கும். உள்ளே போனதும் பூட்ஸைக் கழற்றுவது மரியாதை. நமக்கு இது பழக்கம்தான், ஆனால் காலுறையில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தானியம் பயிரிடுகிறவர்களுக்குக் குளிர்காலம் ஓய்வுக் காலம். உட்கார்ந்து பேச நேரம் இருக்கும், பேச ஆசையும் இருக்கும். மாடு வளர்ப்பவர்களுக்கு நேர்மாறு: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கன்று ஈனும் காலம், இரவெல்லாம் விழித்திருப்பார்கள். அவர்கள் வீட்டில் பாடம் நடத்தக் கேட்காதீர்கள். என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். வைக்கோல் போடுவது, பனி வாருவது, விறகு அடுக்குவது எதுவானாலும் சரி. ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு முதியவரின் வாசலில் பனி வாரினோம். அவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் எங்களுக்குப் பின் வந்த எல்டர்களை அவராகவே உள்ளே அழைத்து உட்காரவைத்தார். அந்த வேலையை ஊழியத்தில் சேராததாக நினைத்துவிடாதீர்கள்.

தானியக் கிடங்கு உருளைக்குள் மட்டும் யார் கூப்பிட்டாலும் இறங்காதீர்கள். கால் வைத்தால் தானியம் ஆளையே உள்ளே இழுத்துவிடும். இயந்திரம், ஏணி, ரம்பம் சம்பந்தப்பட்ட எந்த உதவிக்கும் முதலில் மிஷன் தலைவரிடம் கேளுங்கள். நவம்பரில் மான் வேட்டைக் காலம். வயல் பக்கம் நடக்க வேண்டியிருந்தால் ஆரஞ்சு நிறச் சட்டை மேலே இருக்கட்டும்.

9. மனசு

ஜனவரி நடுவில் ஒரு சோர்வு வரும். வெளிச்சம் இல்லை, கதவு திறப்பவர் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமே பனிப்புயலால் ரத்தாகும். ஜெபம் குறைந்துவிட்டதோ என்று உங்களையே குற்றம் சொல்லத் தோன்றும். காலையில் உடற்பயிற்சியை விடாதீர்கள். நண்பகலில் வெயில் தெரிந்தால் பத்து நிமிடமாவது வெளியே நில்லுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ சரியில்லை என்றால் மிஷன் தலைவரிடம் அப்படியே சொல்லுங்கள். அதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பேசினால் ஊழியத்திலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம்.

வீட்டோடு வாரம் ஒருமுறை பேச 2019 பிப்ரவரியிலிருந்து அனுமதி உண்டு, சொந்த வேலைகளுக்கென்று விடும் ஆயத்த நாளான திங்கட்கிழமைகளில். மத்திய நேரப் பகுதியில் குளிர்காலத்தில் இந்தியா பதினொன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும். அங்கே காலை எட்டு என்றால் ஊரில் இரவு ஏழரை, எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம். மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் மாறும்போது ஒரு மணி நேரம் நகரும் என்று அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

10. கோட்டை எப்போது மடிப்பது

மார்ச்சில் வெயில் வந்ததும் மடிக்காதீர்கள். 2022-இல் ஏப்ரல் நடுவில்தான் பெரிய பனிப்புயலே வந்தது. மே மாதம் வரை எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பனி உருகும்போது சரளைச் சாலைகள் சேறாகிவிடும், அப்போது காலையில் நிலம் இறுகியிருக்கும்போதே போய் வந்துவிடுங்கள்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரலாம். குளிர்காலத்தில் மாற்றம் வந்தால் கோட், பூட்ஸ், மிட்டன் மூன்றையும் பெட்டிக்குள் வைக்காமல் உடம்பிலேயே போட்டுக்கொண்டு பயணம் செய்யுங்கள். ஊழியம் முடிந்து ஊர் திரும்பும்போது அவற்றைத் துவைத்து, அளவை ஒரு சீட்டில் எழுதிக் குத்தி, அந்த வீட்டு அலமாரியிலேயே தொங்கவிட்டு வாருங்கள். எந்தச் சாலையில் பனி வாருவதில்லை, எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதையும் பகுதிக் குறிப்பில் எழுதி வைத்துவிடுங்கள்.